பச்சை வெனிலாக் காய்க்கு ஏன் வாசம் இல்லை?

இந்தப் பொங்கலுக்கு என் சித்தி மகன் தேவிபட்டினம் வந்திருந்தான். ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தோட்டத்தில் அவனுக்கு வேலை. மஞ்சள் கொத்தோடு வாழை இலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தையும் என் கையில் கொடுத்தான். உள்ளே நான்கு பச்சைக் காய்கள் இருந்தன. ஏறக்குறைய ஒரு சாண் நீளம், சுண்டுவிரல் பருமன், நுனியில் மட்டும் இலேசான மஞ்சள். கூடவே ஒரு கண்ணாடிக் குழாயில் கறுத்துச் சுருங்கிய இரண்டு காய்கள். "இதுதான் அக்கா வெனிலா. பச்சை நேற்று முன்தினம் பறித்தது. கறுப்பு போன வருடத்துக் காய்" என்றான்.

பக்கத்து வீட்டு லாத்தா பச்சைக் காயை முகர்ந்து பார்த்தார். "புல் வாசம்தானே வருகிறது? யாரோ உன்னை ஏமாற்றிவிட்டார்கள் தம்பி" என்றார். கல்லூரியில் படிக்கும் அவருடைய பேரன், "கறுப்புக் காய் ஜீன் மாற்றியதாக இருக்கும். வெனிலா வாசத்துக்குக் காரணம் ஜீன்தான் என்று போனில் படித்தேன்" என்றான். பாலூற்ற வந்தவர், "காய வைக்கும்போது புது ஜீன் முளைத்து வாசத்தை உண்டாக்குமோ?" என்று கேட்டார்.

முப்பது வருடம் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்று என்னால் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல முடியவில்லை. ஜீன், மரபணு என்ற சொற்கள் இன்று எல்லோர் வாயிலும் புழங்குகின்றன. அது என்ன செய்கிறது, எப்போது செய்கிறது, எப்போது நிறுத்துகிறது என்று கேட்டால் பேச்சு குழம்பிவிடுகிறது. அந்த மூன்று பேருக்காகவும் அவர்களைப் போலக் குழம்பியிருக்கும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. வலையும் மிளகாயும் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் செடியைப் பற்றி

வெனிலா ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. மெக்சிகோவும் அதை ஒட்டிய நாடுகளும் அதன் தாயகம். நிழலும் ஈரமும் நிறைய மழையும் கேட்கும். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையும் உப்புக் காற்றும் உள்ள நம் ராமநாதபுரம் கரையில் அது பிழைக்காது. அதனால்தான் இங்கே பலர் பச்சைக் காயைக் கண்ணால் கண்டதில்லை.

பூ ஒரே ஒரு காலைப்பொழுதுதான் விரிந்திருக்கும். அதற்குள் மகரந்தம் சேர வேண்டும். தோட்டங்களில் இன்றும் ஒவ்வொரு பூவையும் கையால்தான் சேர்க்கிறார்கள். அந்த முறையை 1841ல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவன் எட்மோன் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். ஒரு சிறு குச்சியும் கட்டைவிரலும்தான் அவனுடைய கருவிகள். உலகத்தின் வெனிலா வணிகம் முழுவதும் அந்தப் பிள்ளையின் விரல் நுனியில் நிற்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.

மகரந்தம் சேர்ந்த பிறகு காய் முற்றுவதற்கு எட்டு, ஒன்பது மாதம் ஆகும். முதல் இரண்டு மாதத்திலேயே காய் ஏறக்குறைய முழு நீளத்தையும் எட்டிவிடுகிறது. பிறகு ஆறு, ஏழு மாதம் வெளியே எந்த மாற்றமும் தெரியாமல் பச்சையாகத் தொங்குகிறது. அந்த அமைதியான மாதங்களில்தான் உள்ளே வேலை நடக்கிறது.

மரபணு வேலை செய்வது என்றால் என்ன?

மீன்பிடிக் குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நண்டு வலை இருக்கிறது, சூடை வலை இருக்கிறது, முரல் வலை இருக்கிறது. எல்லா வலையையும் எல்லா நாளும் கடலுக்கு எடுத்துப்போவதில்லை. நண்டு வரும் பருவத்தில் நண்டு வலை இறங்கும், மற்றவை கொட்டகையில் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் எதுவும் கடலுக்குப் போவதில்லை. வலைகள் அப்போதும் வீட்டில்தான் இருக்கின்றன. "அந்த வீட்டில் நண்டு வலை இருக்கிறதா?" என்பது ஒரு கேள்வி. "இன்று நண்டு வலை கடலில் இருக்கிறதா?" என்பது வேறு கேள்வி.

மரபணு விஷயத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் பெரும்பாலான தவறுக்குக் காரணம். வெனிலாக் கொடியின் வேரிலும் இலையிலும் பூவிலும் காயிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள். இலையில் வெனிலா வாசத்தைச் சேமிக்கும் வேலை நடப்பதில்லை, காயில் நடக்கிறது. இலையில் அந்த மரபணுக்கள் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. இருக்கின்றன, கொட்டகையில் கிடக்கின்றன.

ஒப்புமையைக் கொஞ்சம் நீட்டுகிறேன். இன்று நைலான் வலைகள் ஆலையிலிருந்து வருகின்றன. முன்பு வீட்டிலேயே பின்னுவார்கள். வலைக்கண்ணின் அளவு மாறாமலிருக்க ஒரு சிறு பலகையைச் சுற்றிப் பின்னுவார்கள். நண்டுக்கு ஓர் அளவு, சூடைக்கு ஓர் அளவு. ஒரு வீட்டில் அந்த மூலப் பலகைகளைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேவைப்படும்போது மூங்கில் சில்லில் அதன் நகலை வெட்டிப் பின்னுபவர் கையில் கொடுக்கிறார்கள். அந்தச் சில் சில நாளில் முறிந்துபோகும். இன்னும் வலை வேண்டுமென்றால் இன்னொரு நகல் வெட்ட வேண்டும்.

மூலப் பலகைதான் மரபணு. ஒரு குறிப்பிட்ட பொருளை எப்படிச் செய்வது என்று செல்லுக்குள் எழுதி வைத்திருக்கும் குறிப்பு அது. செல் என்பது உயிருள்ள உடலின் மிகச் சிறிய அறை. மூங்கில் நகல்தான் ஆர்.என்.ஏ. அந்தக் குறிப்பிலிருந்து எடுத்த தற்காலிகப் படி. பின்னி முடித்த வலைதான் நொதி. ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றும் வேலையைச் செய்யும் புரதத்துக்கு நொதி என்று பெயர்.

ஒரு மரபணு செயல்படுகிறது என்றால், அதிலிருந்து நகல்கள் வெட்டப்படுகின்றன என்று அர்த்தம். அவ்வளவுதான். அதில் யாரும் எதையும் மாற்றவில்லை, புதிதாக எதையும் நுழைக்கவில்லை. உங்கள் வயிற்றிலும் என் கண்ணிலும் முற்றத்து வேப்பமரத்திலும் இந்த நொடியில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் இப்படிச் செயல்பட்டுக்கொண்டிருக்கின்றன. லாத்தாவின் பேரனுக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான். மரபணுச் செயல்பாடு என்பதும் மரபணு மாற்றம் என்பதும் வேறு வேறு. தோட்டத்து வெனிலாக் கொடி தண்டை வெட்டி நட்டு வளர்த்தது, பழைய கொடியின் நேர் வாரிசு.

சுருக்கமாக: எல்லாச் செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்பச் சில மட்டும் நகலெடுக்கப்படுகின்றன. அந்த நகலிலிருந்து நொதி உருவாகிறது. பொருளை மாற்றும் வேலை நொதியுடையது.

காய்க்குள் ஓடும் பருவங்கள்

ஒரு காய்க்குள் எந்த மரபணு எப்போது செயல்படுகிறது என்று எப்படித் தெரியும்? மூங்கில் சில்லுகளை எண்ணினால் தெரியும். ஆய்வாளர்கள் வெவ்வேறு வயதுக் காய்களைப் பறித்து, தோல், சதை, விதை, விதையைச் சுற்றிய திசு என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த ஆர்.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். அதே காயில் வாசனைப் பொருளின் அளவையும் பார்க்கிறார்கள். எந்த நகல்கள் பெருகும்போது அந்தப் பொருளும் பெருகுகிறது என்று ஒப்பிடுகிறார்கள். வெனிலாவின் முழு மரபணுத் தொகுதி 2020ல் வெளியான பிறகு இந்த எண்ணிக்கை எளிதாகிவிட்டது.

இளம் காயில் செல்களைப் பெருக்கும், நீட்டும் மரபணுக்கள் மும்முரமாக இருக்கின்றன. காய் நீண்டு முடிந்ததும் அந்த மும்முரம் அடங்குகிறது. ஏறக்குறைய நான்காம் மாதத்துக்குப் பிறகு வாசத்தின் மூலப்பொருள் காய்க்குள் சேரத் தொடங்கி, முற்றும்வரை ஏறிக்கொண்டே போகிறது.

அந்த மூலப்பொருள் ஒரே தாவலில் உண்டாவதில்லை. செடியிடம் ஏற்கெனவே இருக்கும் ஃபினைல்அலனின் என்ற சாதாரண அமினோ அமிலத்தில், அதாவது புரதத்தைக் கட்டும் சிறு துணுக்கில், வேலை தொடங்குகிறது. அது நம் பருப்பிலும் மீனிலும் இருப்பதுதான். ஒரு நொதி அதிலிருந்து ஒரு துண்டைக் கழற்றுகிறது, அடுத்தது ஒன்றை ஒட்டுகிறது, இன்னொன்று நீளத்தைக் குறைக்கிறது. கரை இழுத்த மீன் கையிலிருந்து கைக்கு மாறி, வெட்டி, உப்பிட்டு, கருவாடாவதைப்போல ஒவ்வொரு கையிலும் ஒரு மாற்றம். கடைசியில் கிடைப்பது வெனிலின். வெனிலா என்றவுடன் நம் மூக்குக்கு நினைவு வரும் அந்த இனிய வாசத்தின் தலைமைப் பொருள் அது.

ஆகவே "வெனிலா வாசத்துக்கான ஜீன்" என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. வரிசையாக நிற்கும் பல நொதிகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மரபணு. நடுவில் ஒரு கை ஓய்ந்தாலும் மீன் அங்கேயே கிடக்கும்.

முண்டு மிளகாயின் பங்காளி

இந்த இடத்தில் நம் ஊர் மிளகாயைக் கூப்பிட்டாக வேண்டும். கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கம் வானம் பார்த்த கரிசலில் விளையும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குண்டு மிளகாய்க்கும் வெனிலாவுக்கும் குலத்தில் எந்த உறவும் இல்லை. ஆனால் மிளகாயின் காரமும் வெனிலாவின் வாசமும் பாதி வழி ஒரே பாதையில் வருகின்றன.

மிளகாயின் காரப்பொருளுக்கு கேப்சைசின் என்று பெயர். மிளகாய்ச் செடியும் ஃபினைல்அலனினில் தொடங்குகிறது. ஏறக்குறைய அதே படிகளில் இறங்கி, நடுவில் அதுவும் வெனிலினைச் செய்கிறது! ஆம், நம் முண்டு மிளகாய்க்குள்ளும் வெனிலின் பிறக்கிறது. பிறந்த கையோடு இன்னொரு நொதி அதைப் பிடித்து வெனிலைல்அமீன் என்ற வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. அதனோடு ஒரு கொழுப்பு வால் இணைந்ததும் கேப்சைசின் ஆகிறது. வெனிலின் தங்கி நிற்க நேரமே கிடைப்பதில்லை. அதனால்தான் மிளகாய்க் களத்தில் ஐஸ்கிரீம் வாசம் வருவதில்லை. அந்த ஒரு நொதியின் மரபணு பழுதான சில மிளகாய் வகைகளும் உண்டு, அவற்றில் காரம் இருக்காது. ஒரு கை ஓய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

சூட்டையும் காரத்தையும் உணரும் நரம்பு வாயிலைக் கண்டறிந்ததற்காக அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வாயிலுக்கு அறிவியலில் முதலில் வைத்த 'வெனிலாய்டு ஏற்பி' என்ற பெயரிலேயே வெனிலா ஒட்டிக்கொண்டிருக்கிறது. காரணம் இந்தப் பங்காளி உறவுதான்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. மிளகாயின் காரம் விதையில் இருப்பதாக நம் வீடுகளில் சொல்வார்கள். விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பில்தான் காரம் உருவாகிறது, விதையில் அது வெறுமனே ஒட்டிக்கொள்கிறது. வெனிலாவிலும் அப்படியே. கறுப்புப் பொடிபோன்ற விதைதான் வாசத்தின் உறைவிடம் என்று பலர் நினைக்கிறார்கள். விதைகளைச் சுற்றியுள்ள உள் திசுவிலும் அங்கே முளைத்திருக்கும் மெல்லிய இழைகளிலும்தான் மூலப்பொருள் சேர்கிறது. ஐஸ்கிரீமில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அசல் வெனிலா என்று நம்பிவிடக்கூடாது. சாறு எடுத்த பிறகு மிஞ்சிய வாசமற்ற விதைகளையும் அழகுக்காகச் சேர்ப்பதுண்டு.

கடைசிப் படி யாருடையது?

வெனிலாவின் வரிசையில் கடைசிக் கை எது என்பது இன்னும் தீராத வழக்கு. 2014ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு ஒன்று, ஃபெரூலிக் அமிலம் என்ற பொருளை நேரடியாக வெனிலினாக மாற்றும் நொதியைக் காயில் கண்டதாக அறிவித்தது. 2017ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதே நொதியை எடுத்துச் சோதித்து, அந்த மாற்றத்தைத் தங்களால் காண முடியவில்லை என்று எழுதினார்கள். ஒரு மரபணு செயல்படும் இடத்தில் ஒரு பொருள் பெருகுகிறது என்பதாலேயே, அந்த மரபணுதான் அதைச் செய்தது என்று ஆகிவிடாது. நண்டு வரும் பருவத்தில் கரையில் பஜ்ஜிக் கடைகளும் பெருகலாம், பஜ்ஜி நண்டைப் பிடிப்பதில்லை. தொடர்பைப் பார்ப்பது முதல் வேலை. அந்த நொதியைத் தனியே எடுத்துச் செய்துகாட்டுவது இரண்டாம் வேலை. "ஜீன் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்ற தலைப்பைப் படிக்கும்போது இந்த இரண்டில் எது நடந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஈயக்குண்டு கட்டிய வாசம்

இப்போது லாத்தாவின் கேள்வி. காய்க்குள் நான்கு, ஐந்து மாதமாக வெனிலின் சேர்கிறது என்றால், பச்சைக் காய் ஏன் மணக்கவில்லை?

வெனிலினைச் செய்த செல் அதைத் திறந்து வைப்பதில்லை. ஒவ்வொரு வெனிலின் மூலக்கூறோடும் ஒரு சர்க்கரை மூலக்கூறைக் கட்டிவிடுகிறது. மூலக்கூறு என்பது ஒரு பொருளின் குணம் மாறாத மிகச் சிறிய துணுக்கு. சர்க்கரை கட்டிய வெனிலினுக்கு குளுக்கோவெனிலின் என்று பெயர். ஒரு பொருள் மணக்க வேண்டுமென்றால் அது காற்றில் பறந்து மூக்கை எட்ட வேண்டும். சர்க்கரை கட்டியதும் அது கனத்துவிடுகிறது, தண்ணீரில் கரைந்து கிடக்கிறது, பறப்பதில்லை. மிதவைக் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டியதுபோல. மிதவை உள்ளேதான் இருக்கிறது, மேலே வர முடியவில்லை.

செடி ஏன் இப்படிச் செய்கிறது? வெனிலின் அதிகமானால் செல்லுக்கே நஞ்சு. அதே பொருளைச் சர்க்கரையோடு கட்டினால் தீங்கில்லாமல் நிறையச் சேமித்துவைக்கலாம்.

அந்தக் கட்டை அவிழ்க்கும் ஆளும் அதே காயில்தான் இருக்கிறது. பீட்டா குளுக்கோசிடேஸ் என்ற நொதி. நீளமான பெயர், எளிமையான வேலை: சர்க்கரையைக் கழற்றிவிடும். இனி இதைக் கட்டவிழ்க்கும் நொதி என்றே சொல்கிறேன். பச்சைக் காயில் அந்த நொதி ஓர் அறையில், குளுக்கோவெனிலின் வேறோர் அறையில். நடுவில் சுவர். இரண்டும் சந்திப்பதில்லை.

இது விசித்திரமான ஏற்பாடாகத் தோன்றினால் உங்கள் அடுக்களைக்குப் போய்ப் பாருங்கள். முழு வெங்காயம் கண்ணைக் கரிப்பதில்லை. கத்தி படும்போது செல்லின் சுவர்கள் உடைகின்றன, தனித்தனியே இருந்த நொதியும் மூலப்பொருளும் கலக்கின்றன, கண் கரிக்கிறது. கடுகு இன்னும் நெருங்கிய உறவு. முழுக் கடுகை மென்றால் முதலில் ஒன்றும் தெரியாது. ஊறுகாய்க்கு அதை நீர்விட்டு அரைத்ததும் மூக்கில் ஏறுகிறது. கடுகிலும் காரப்பொருள் சர்க்கரையோடு கட்டுண்டுதான் கிடக்கிறது, அரைக்கும்போது ஒரு நொதி அதைக் கழற்றுகிறது. பச்சை வெனிலா அரைபடாத கடுகு.

காயைக் கொல்வது

சுவரை எப்படி உடைப்பது? காயைக் கொல்ல வேண்டும். தோட்டங்களில் உண்மையாகவே அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். பறித்த காயைச் சுமார் 63 முதல் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் மூன்று நிமிடம் போல முக்கி எடுப்பது பரவலான முறை. வெயிலில் வாட்டியும் கொல்லலாம், அடுப்பு வெப்பத்திலும் கொல்லலாம், உறைய வைத்தும் கொல்லலாம். எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றே: செல்களின் உயிர் போகிறது, உள்சுவர்கள் கிழிகின்றன, பிரிந்திருந்தவை கலக்கின்றன.

பால்காரரின் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. வெந்நீரிலிருந்து எடுத்த காயில் புதிய ஜீன் முளைப்பதில்லை. இருந்த மரபணுக்களின் வேலையும் அதோடு முடிந்துவிடுகிறது. நகல் வெட்ட ஆளில்லை, பின்ன ஆளில்லை. பிறகு வாசம் எப்படி வருகிறது? மன்னார் வளைகுடாவில் அறுந்துபோன வலைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். படகு கரைக்குத் திரும்பிவிட்டது, வலைக்குச் சொந்தக்காரர் வீட்டில் தூங்குகிறார். அடியில் கிடக்கும் வலை மட்டும் மாதக்கணக்கில் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கிறது. கடலுக்கு அது பெரும் கேடு. ஆனால் நொதியைப் புரிந்துகொள்ள அதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குக் கிடைக்கவில்லை. வலையைப் பின்ன ஆள் வேண்டும். பின்னிய வலை மீன் பிடிக்க ஆள் வேண்டியதில்லை. செல் உயிரோடிருந்தபோது செய்துவைத்த நொதி, செல் இறந்த பிறகும் தன் வேலையைச் செய்கிறது.

எனவே வெனிலா வாசத்துக்கு இரண்டு காலம் உண்டு. கொடியில் தொங்கும் மாதங்களில் மரபணுக்கள் செயல்பட்டு, கட்டுண்ட வாசத்தையும் கட்டவிழ்க்கும் நொதியையும் சேர்த்து வைக்கின்றன. பறித்துக் கொன்ற பிறகு, மரபணுக்களின் துணையில்லாமல் நொதி கட்டை அவிழ்க்கிறது. முதல் காலத்தில் சேராததை இரண்டாம் காலத்தில் உண்டாக்க முடியாது. இளங்காயைப் பறித்து எவ்வளவு பக்குவமாகப் பதப்படுத்தினாலும் வாசம் மட்டாகவே இருக்கும். விலை ஏறும் காலங்களில் திருட்டுக்குப் பயந்து பல நாடுகளில் காய்களை முன்கூட்டியே பறித்துவிடுவதுண்டு. அந்த அவசரம் உழவருக்கும் வாங்குபவருக்கும் நட்டம்தான்.

கொன்ற காயைக் கம்பளித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பார்கள். சூடு தங்கும், காய் வியர்க்கும், கறுக்கும். வெட்டிய வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பது வேறொரு நொதியால். அந்த வேலையும் இங்கே உடன் நடக்கிறது. பிறகு ஒரு வாரம், பத்து நாள் பகலில் சில மணி நேரம் வெயில், இரவில் மீண்டும் கம்பளி. அதன்பின் சில வாரம் நிழலில் உலர்த்தல், கடைசியாக மூடிய பெட்டியில் இரண்டு, மூன்று மாத ஓய்வு. பழுத்த மிளகாயைக் களத்தில் பரப்புமுன் குவித்துவைத்து நிறம் கூட்டும் நம் ஊர்ப் பழக்கம் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது.

ஐந்து, ஆறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். அந்த ஒரு கிலோவில் வெனிலின் ஏறக்குறைய இரண்டு சதவீதம். மீதியில் இருநூறுக்கும் மேற்பட்ட வாசனைப் பொருள்கள் துளித்துளியாகக் கலந்திருக்கின்றன: புகைச்சாயல், பூச்சாயல், உலர்ந்த திராட்சைச் சாயல். ஒரே கொடியின் தண்டிலிருந்து பரவிய தோட்டங்களிலும் வாசம் ஊருக்கு ஊர் மாறுகிறது. மரபணு ஏறக்குறைய ஒன்றுதான். மண், மழை, பறித்த நாள், கம்பளிக்குள் கழிந்த இரவுகள் ஆகியவை வேறு.

கடை ஐஸ்கிரீமில் இருப்பது

இதைச் சொல்லாமல் விட்டால் பேரன் மறுபடியும் கேட்பான். 1874ல் டீமன், ஹார்மன் என்ற இரு ஜெர்மானியர் பைன் மரத்திலிருந்து எடுத்த ஒரு பொருளைக் கொண்டு வெனிலினைத் தயாரித்தார்கள். இன்று உலகில் விற்கும் வெனிலினின் மிகப் பெரும் பகுதி ஆலைகளில் தயாராவது, பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் குவாயகால் என்ற பொருளிலிருந்து. அந்த வெனிலின் மூலக்கூறும் காயின் வெனிலினும் ஒன்றேதான், நஞ்சு என்று பயப்பட வேண்டியதில்லை. இல்லாதது அந்த இருநூறு துளிகள். இரண்டையும் முகர்ந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

நான்கு காய்களும் என்ன ஆயின?

சித்தி மகன் கொடுத்த காய்களை வைத்து லாத்தாவின் பேரனும் நானும் ஒரு சோதனை செய்தோம். ஒரு காயை எதுவும் செய்யாமல் குளிர்சாதனப் பெட்டியில் தாளில் சுற்றி வைத்தோம். இரண்டு காய்களை, பேரன் கல்லூரியிலிருந்து கேட்டு வாங்கி வந்த வெப்பமானியைப் பார்த்தபடி, 64 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிடம் முக்கினோம். நான்காவதைக் கொதிக்கும் நீரில் கால் மணி நேரம் வேகவிட்டோம். நொதியும் புரதம்தான். முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததும் உறைந்து பழைய நிலைக்குத் திரும்பாததுபோல, கொதிநீரில் நொதியும் உருக்குலைந்துவிடும். சுவர் உடையும், ஆனால் கட்டை அவிழ்க்க ஆளிருக்காது. அப்படித்தான் நடக்கும் என்று அவனிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டேன்.

வெந்த காயையும் வெந்நீரில் முக்கியெடுத்த காய்களையும் தனித்தனிக் கம்பளித் துண்டில் சுற்றி, மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாக்களில் வைத்தோம். தினமும் காலையில் மாடி வெயில். மூன்றாம் நாள் முக்கியெடுத்த காய்கள் இரண்டும் சாக்லேட் நிறத்துக்கு வந்தன. ஐந்தாம் நாள் மாலை டப்பாவைத் திறந்தபோது பேரன் ஒன்றும் பேசவில்லை, டப்பாவை எடுத்துக்கொண்டு நேராகச் சுவரைத் தாண்டி அவன் பாட்டியிடம் ஓடினான். வேகவைத்த காய் சாம்பல் பூத்த பச்சையில் அவித்த பீன்ஸ்போல மணந்தது. குளிர்சாதனப் பெட்டியில் இருந்த காயில் இன்னமும் புல் வாசம்தான்.

இது மாசி. மாடியில் லாத்தாவின் முதல் பறிப்பு முண்டு மிளகாய் பாயில் காய்கிறது. பக்கத்தில் நிழல் விழும் மூலையில், முறத்தில், எங்கள் இரண்டு காய்கள். இன்னும் மூன்று வாரம் உலர வேண்டும். மிளகாயைத் துழாவிவிட வரும்போதெல்லாம் லாத்தா முறத்தருகே குனிந்து முகர்ந்துவிட்டுத்தான் போகிறார்.